மேரி கியூரி நடத்திய பள்ளிக்கூடம்

மேரி கியூரி என்றதும் ரேடியமும், இரண்டு நோபல் பரிசுகளும், மழைக்கு ஒழுகும் கொட்டகை ஒன்றும் நினைவுக்கு வரும். பாடப் புத்தகத்தில் நாம் படித்த மேரி அவ்வளவுதான். அவர் தன் மூத்த மகளுக்காக நண்பர்களோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமே நடத்தினார் என்பதை, எனக்கும் பள்ளி வயதில் ஒரு பெண் ஆன பிறகுதான் படித்தேன். அந்தப் பள்ளிக்குக் கட்டடம் கிடையாது, மணி கிடையாது, சேர்க்கைத் தேர்வும் கிடையாது. அது ஏன் பிறந்தது என்று புரிந்துகொள்ள, பாரிஸிலிருந்து கொஞ்சம் பின்னால், வார்சாவுக்குப் போக வேண்டும்.

1867 நவம்பர் 7 அன்று வார்சாவில் பிறந்தவர் மரியா ஸ்க்லடோவ்ஸ்கா. வீட்டில் மான்யா. போலந்து என்ற நாடு அப்போது உலக வரைபடத்திலேயே இல்லை. வார்சா ரஷ்ய ஜார் மன்னரின் பிடியில் இருந்தது. பள்ளியில் ரஷ்ய மொழியில்தான் படிக்க வேண்டும். அப்பா இயற்பியல், கணித ஆசிரியர். பள்ளிகளில் ஆய்வுக்கூடச் சோதனைகளை அரசு நிறுத்தியபோது, அந்தக் கருவிகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்தார். வகுப்பில் காட்ட முடியாததைப் பிள்ளைகள் வீட்டில் பார்த்து வளர்ந்தார்கள். அம்மா காசநோயில் இறந்தபோது மான்யாவுக்குப் பத்து வயது.

1883-இல் தங்கப் பதக்கத்தோடு பள்ளிப் படிப்பை முடித்தார். அந்த வீட்டில் தங்கப் பதக்கம் புதிதல்ல. அண்ணன் யூசெஃபும் வாங்கியவர், அக்கா புரோனியாவும் வாங்கியவர். அண்ணன் வார்சா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போனார். அக்காவும் தங்கையும் போக முடியவில்லை, அங்கே பெண்களுக்கு இடமே கிடையாது. ஒரே அப்பா, ஒரே அலமாரி, ஒரே பதக்கம், ஆனால் கதவு ஒருவருக்கு மட்டும்.

அந்த நகரத்துப் பெண்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். பறக்கும் பல்கலைக்கழகம் என்று பெயர். போலீஸ் கண்ணில் படாமல் வீடு மாற்றி வீடு வகுப்பு நடக்கும். சான்றிதழ் எதுவும் கிடைக்காது. மான்யாவும் புரோனியாவும் அதில் சேர்ந்தார்கள். கூடவே இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். முதலில் அக்கா பாரிஸ் போய் மருத்துவம் படிப்பது, தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்புவது, பிறகு அக்கா தங்கையை அழைத்துக்கொள்வது என்று.

சொன்னபடி 1886 ஜனவரியில் மான்யா ஷ்ட்சூகி என்ற கிராமத்தில் ஒரு பண்ணை நிர்வாகியின் வீட்டுக்கு ஆசிரியையாகப் போனார். மூன்று வருடத்துக்கு மேல் அங்கே. பகலில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். மிச்ச நேரத்தில் கிராமத்துக் குழந்தைகளுக்குப் போலிஷ் எழுத்து, அதுவும் பிடிபட்டால் தண்டனை. அதற்கும் பிறகு இரவில் தன் படிப்பு. இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவர் கணிதத்தை அப்பாவோடு கடிதம் மூலமாகப் படித்தார். இவர் கணக்குகளைப் போட்டு அனுப்புவார், அவர் திருத்தி அனுப்புவார். இன்று தொலைநிலைக் கல்வி என்று மென்பொருள் எழுதி விற்கும் தொழிலில் இருக்கிறேன். தபால்காரரை வைத்தே அந்த அப்பாவும் மகளும் அதைச் செய்திருக்கிறார்கள்.

பாரிஸ் கதை எல்லோரும் அறிந்தது. 1891-இல் சோர்போன். 1893-இல் இயற்பியலில் முதலிடம், அடுத்த ஆண்டு கணிதத்தில் இரண்டாமிடம். அதன் பிறகும், 1894-இல், கிராகோவ் பல்கலைக்கழகத்தில் வேலை தேடியபோது பெண் என்பதால் மறுத்தார்கள். 1895-இல் பியரி கியூரியை மணந்தார். பியரி பள்ளிக்கூடத்துக்கே போகாதவர். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கப்பட்டு, பதினெட்டு வயதில் சோர்போனில் இயற்பியல் பட்டம் பெற்றவர். 1906-இல் குதிரை வண்டியில் அடிபட்டு அவர் இறந்தபோது மூத்த மகள் ஐரீனுக்கு எட்டு வயது, இளையவள் ஈவுக்கு ஒரு வயது.

அப்போதைய பிரான்சில் பெண்களுக்கென்று அரசு உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. 1880-இல் சட்டம் போட்டுத் திறந்தவை. ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் நுழையத் தேவையான பாக்கலோரியா தேர்வுக்கு அங்கே தயார் செய்யமாட்டார்கள். லத்தீன் கிடையாது, பாடத்திட்டமே வேறு. பையன்களின் பாடத்திட்டம் பெண்களுக்கும் கிடைத்தது 1924-இல்தான். இது ஒரு பக்கம். காற்றோட்டமில்லாத வகுப்பறைகளில் சிறு பிள்ளைகளை நாள் முழுக்க உட்காரவைப்பதும் மேரிக்குப் பிடிக்கவில்லை.

1907 வாக்கில் சோர்போன் நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கூட்டுறவுப் பள்ளியைத் தொடங்கினார். ஏறக்குறையப் பத்துப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும் ஒன்றாக. நாளுக்கு ஒரு பாடம், ஓர் ஆசிரியர். வேதியியலுக்கு ழான் பெர்ரின், கணிதத்துக்கு போல் லாஞ்செவின், இயற்பியலுக்கு மேரி. சிற்பி ஒருவர் களிமண் வேலை சொல்லிக்கொடுத்தார். மற்ற நேரமெல்லாம் விளையாட்டு, தோட்டம், சமையல், தையல்.

மேரியின் வகுப்பில் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளை மையில் தோய்த்து, சாய்த்து வைத்த தாளின்மேல் வீசுவார்கள். குண்டு போன வழியில் பரவளைவுக் கோடு தானாக விழும். எனக்குப் பரவளைவு ஒரு சமன்பாடாகத்தான் அறிமுகமானது. அதைக் கையால் எறிந்து பார்க்கலாம் என்று பொறியியல் முதுகலை முடிக்கும்வரை யாரும் எனக்குச் சொன்னதில்லை! இன்னொரு நாள், பாத்திரத்தில் கொதிக்கும் நீரை எப்படி ஆறாமல் வைப்பது என்று கேட்டாராம். கம்பளியைச் சுற்றலாம், இப்படிச் செய்யலாம், அப்படிச் செய்யலாம் என்று பிள்ளைகள் அறிவியல் பேச, நானாக இருந்தால் முதலில் மூடியை எடுத்து மூடுவேன் என்றாராம் மேரி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமல்ல. அந்தப் பத்துப் பிள்ளைகளும் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள். லாஞ்செவினிடம் கணக்குப் படிக்கும் வாய்ப்பு ஷ்ட்சூகி கிராமத்துக் குழந்தைகளுக்குக் கிடைத்ததில்லை. நம்மவர்கள் கூடும் இடங்களில், எந்தப் பகுதியில் வீடு வாங்கினால் எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்ற பேச்சு ஓடும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். இடம் மறுக்கப்பட்டவனைப் பார்த்து நீயாகப் படித்துக்கொள் என்று சொல்வது எளிது. மேரி தனியாகப் படித்தவர் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தபாலில் அப்பா, பாரிஸில் அக்கா, வீடு மாற்றி வீடு வகுப்பு நடத்திய பெண்கள் என்று எப்போதும் யாரோ கூட இருந்திருக்கிறார்கள். தன் மகளுக்கும் அவர் அப்படி ஒரு கூட்டத்தைத்தான் திரட்டினார்.

ஆசிரியர்கள் எல்லோரும் வேலைப்பளு மிகுந்தவர்கள். பள்ளி இரண்டு வருடத்துக்குமேல் தாங்கவில்லை. ஐரீன் பிறகு, பெண்களைப் பாக்கலோரியாவுக்குத் தயார் செய்த செவிஞே என்ற தனியார் பள்ளியில் சேர்ந்தார். விடுமுறையில் பிரிந்திருந்தால் மேரி மகளுக்குக் கணக்குகளைக் கடிதத்தில் அனுப்பினார். தாத்தா மான்யாவுக்குச் செய்தது அடுத்த தலைமுறைக்கும் வந்தது.

1914-இல் போர். மேரி எக்ஸ்ரே கருவிகளை வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டுபோனார். ஐரீனும் கூடப் போனார். பதினெட்டு வயதில் பெல்ஜியத்தின் ஹூக்ஸ்டாட் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவை அவர் தனியாகக் கவனித்துக்கொண்டார். உடலுக்குள் குண்டுத் துண்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று வடிவியலால் கணக்கிடும் முறையை, அதை நம்பாத ராணுவ மருத்துவருக்கு அந்தப் பெண்தான் புரியவைக்க வேண்டியிருந்தது. இரவில் தன் பட்டப் படிப்பு. அம்மா மகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளவில்லை. நான் என் பெண்ணை அனுப்பியிருப்பேனா? தெருமுனைக் கடைக்கே யோசிக்கிறேன்.

மேரி 1934 ஜூலை 4 அன்று இறந்தார். அடுத்த ஆண்டு ஐரீனும் கணவர் ஃபிரெடெரிக்கும் வேதியியல் நோபல் பெற்றார்கள். ஆனால் பிரெஞ்சு அறிவியல் கழகம் 1911-இல் மேரியை நிராகரித்தது. மகள் விண்ணப்பித்தபோது அவரையும் நிராகரித்தது. ஒரு தோல்விக்குப் பிறகு அம்மா மீண்டும் விண்ணப்பிக்கவில்லை. மகள் ஒவ்வொரு முறையும் தோற்பார் என்று தெரிந்தே திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். 1956-இல் இறக்கும்வரை இடம் கிடைக்கவில்லை.

1929-இல் மேரியின் ஆய்வுக்கூடத்தில் மார்கரிட் பெரே என்ற இளம்பெண் உதவியாளராகச் சேர்ந்தார். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவர், வீட்டில் வசதியில்லை. கையில் இருந்தது பெண்களுக்கான தொழில்நுட்பப் பள்ளியின் பட்டயம் மட்டும். 1939-இல் அவர் ஃபிரான்சியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தார். 1962-இல் அறிவியல் கழகம் முதன்முறையாக ஒரு பெண்ணைத் தொடர்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பெண் மார்கரிட் பெரே.