விரல்களால் ஒரு விளையாட்டு

ஹெலன் கெல்லர் 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் பிறந்தார். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த கடும் நோயொன்று அவருடைய பார்வையையும் செவிப்புலனையும் ஒருங்கே பறித்தது.

மொழி இல்லையே தவிர, சொல்ல வேண்டியவை அக்குழந்தையிடம் நிறைய இருந்தன. ரொட்டி வேண்டுமெனில் அதனை அறுத்து வெண்ணெய் தடவுவதுபோல் கைகளால் காட்டுவார். ஐஸ்கிரீம் வேண்டுமெனில் குளிரால் நடுங்கிக் காட்டுவார். சமையற்காரியின் மகளான மார்த்தா வாஷிங்டன் என்னும் சிறுமி இக்குறிப்புகளை நன்கு உணர்ந்து அவரோடு ஆடி மகிழ்ந்தாள். ஏனையோர்க்கு அவை எளிதில் விளங்கவில்லை. விளங்காதபோதெல்லாம் ஹெலன் சினந்து, கைகால்களை உதைத்து, களைத்துச் சோரும்வரை அழுவார். வளர வளர அச்சினமும் வளர்ந்தது.

1887 மார்ச் 3ஆம் நாள் ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை அவ்வீட்டிற்கு வந்தார். அவருக்கு அப்போது வயது இருபது. அவரும் பார்வைக் குறைவால் துன்புற்றவரே. தாம் பயின்ற பெர்க்கின்ஸ் பள்ளியின் பார்வையற்ற குழந்தைகள் அனுப்பிய பொம்மையொன்றை ஹெலனிடம் தந்து, அதன் பெயரை அவர் உள்ளங்கையில் எழுத்தெழுத்தாக விரலால் உணர்த்தினார். ஹெலன் அதனைப் புதியதொரு விரல் விளையாட்டென்றே எண்ணித் தாமும் செய்து பார்த்தார். அது ஒரு சொல் என்பதை ஒரு மாதம் கழித்து, நீரிறைக்கும் குழாயடியில்தான் அறிந்தார்.

குழாயடி நிகழ்ச்சியையே பலரும் வியந்து பேசுவர். அதன்பின் நாள்தோறும் நடந்த விளையாட்டுகள் அதனினும் வியக்கத்தக்கவை. ஆசிரியை ஒரு பந்தையோ நூற்கண்டையோ ஒளித்து வைப்பார். ஹெலன் தடவித் தேட வேண்டும். தொடக்கத்தில், பொருள் நுழையவே முடியாத சின்னஞ்சிறு பெட்டிக்குள் தேடிவிட்டு விரைவில் சலித்துப் போனார். சில நாள்களில் ஒரு மணிநேரம்கூட விடாமல் தேடலானார். ஒருநாள் ஒளித்து வைத்தது ஒரு பிஸ்கட்டு. எங்கும் அகப்படாமற்போகவே, ஹெலன் ஓடிவந்து ஆசிரியையின் வாயைத் திறக்கச் செய்து உள்ளே தடவிப் பார்த்தார். அங்கும் இல்லை. உடனே அவர் வயிற்றைச் சுட்டி, உண்ணுதல் என்னும் சொல்லை விரல்களால் உணர்த்தினார். தின்றுவிட்டாயோ என்பதே அதன் பொருள். முன்னர்ச் சினந்து அழுத குழந்தை இப்போது வினவத் தொடங்கிவிட்டது!

மேடெழுத்துகள் பதித்த அட்டைத் துண்டுகளும் விளையாட்டுப் பொருள்களாயின. பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, அந்நிலையைக் கூறும் சொற்களை அதனருகில் ஹெலன் வரிசையாக அடுக்குவார். ஒருமுறை சிறுமி என்னும் சொல்லைத் தம் ஆடையில் குத்திக்கொண்டு ஆடை அலமாரிக்குள் தாமே போய் நின்று, எஞ்சிய சொற்களை அதன் தட்டில் அடுக்கினார். வாக்கியத்தின் எழுவாயாகத் தாமே நின்ற மாணவர் வேறு எவரேனும் உண்டோ, அறியோம்.

இவ்வாறு கற்றவர் 1904ஆம் ஆண்டு ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார், நூல்கள் இயற்றினார், நாடுகள் பல சென்று மாற்றுத்திறனாளிகளுக்காக வாதாடினார். 1955ஆம் ஆண்டு நம் தில்லிக்கும் வந்தார். நம் புசா ரோட்டிலிருந்து வெகுதொலைவில் இல்லாத தில்லிப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1968 ஜூன் முதல் நாள் மறைந்தார்.

வளர்ந்த பின்னரும் அவர் விளையாட்டை விடவில்லை. அவருடைய செக்கர்ஸ் பலகையில் கட்டங்கள் குழிவாக வெட்டப்பட்டிருந்தன. ஆதலால் கை பட்டாலும் காய்கள் நகரா. கறுப்புக் காய்கள் தட்டையாகவும் வெள்ளைக் காய்கள் மேற்புறம் வளைந்தும் இருந்தன. சீட்டுகளின் மூலையில் பிரெயில் புள்ளிகள் இருந்தன. (நம் பல்லாங்குழிக்கு இத்தகைய மாற்றம் எதுவும் வேண்டுவதில்லை, குழியும் சோழியும் கைக்குத் தாமே புலப்படும்.) குழந்தைகளோடு ஆடுவதில் அவருக்குத் தனி இன்பம். விரல்மொழி அறியாத சிறுவர்களின் உதடுகளைத் தொட்டு, அவர்கள் பேசுவதை அறிவார். அதுவும் விளங்காவிடில் அவர்கள் நடித்துக் காட்டுவர். அவர் தவறாகப் புரிந்துகொண்டால் கலகலவென நகைத்து, மீண்டும் முதலிலிருந்து நடிக்கத் தொடங்குவர்.