கோவையில் பயின்ற பெருந்தகை இரட்டைமலை சீனிவாசனார்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், கோவை மண்ணில் கல்வி பயின்ற ஒரு பெருந்தகையின் வரலாற்றை நம் இளைஞர்கள் முன் வைப்பது பொருத்தமெனக் கருதுகிறோம். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றவர் என்பதை நம்மவர் பலரும் அறிவர். அவர் நம் கோவையில் புத்தகம் சுமந்து நடந்த மாணவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அந்த மாணவப் பருவத்தைப் பற்றியே இங்குப் பெரிதும் பேச விழைகிறோம்.

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில், 1860ஆம் ஆண்டை ஒட்டி அவர் பிறந்தார். சொந்த ஊரை விட்டுப் பெயர்ந்த குடும்பம், தஞ்சைக்கும் பின்னர்க் கோவைக்கும் வந்து சேர்ந்தது. அன்றைய கோவை இன்றைய ஆலை நகரமன்று. ஸ்டேன்ஸ் துரையின் முதல் நூற்பாலை 1888இல்தான் எழுந்தது. நம் மக்களில் பெரும்பாலோர் தோட்டங்காடுகளில் பண்ணையத்திற்கு இருந்தும், தோல் வேலை செய்தும், ஊர்ப்புறச் சேரிகளில் முடங்கியும் காலம் தள்ளிய நாட்கள் அவை. அத்தகைய காலத்தில் அச்சிறுவர் கோவைக் கலாசாலையில் சேர்ந்தார்.

அக்கலாசாலையில் பயின்றோர் ஏறத்தாழ 400 பேர். அவர்களுள் பிராமணரல்லாதார் பத்துப் பேர் அளவிலேயே இருந்தனர் என்று சீனிவாசனார் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அந்தப் பத்துப் பேரிலும் தம் நிலையில் இருந்தவர் எவரேனும் உண்டா என்று தேடத் துணிய முடியாத நிலை அவருடையது. தேடினால் தம்மைக் காட்டிக் கொடுத்ததாகும் அல்லவா?

பிற மாணவர்களோடு நெருங்கிப் பழகினால், வீடு எங்கே, உறவினர் யார், குலம் எது என்ற கேள்விகள் வரும். விடை தெரிந்தால் இழிவாக நடத்துவர். ஆகவே அவர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். காலையில் கலாசாலைக்கு வந்ததும் உள்ளே செல்லாமல், வெளியே ஓரிடத்தில் தனியே அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில் வகுப்பு கலைந்ததும், எவரும் உடன் வந்து பேச்சுக் கொடுக்க இயலாத வேகத்தில் நடந்து வீடு சேர்வார். மற்றப் பிள்ளைகள் விளையாடுவதை எட்ட நின்று பார்த்தாரேயன்றி ஒரு நாளும் கூட விளையாடவில்லை. அது தமக்கு மிகுந்த மனவேதனை தந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இதனைப் படிக்கும் நம் இளைஞர்கள், அவர் தனிமையில் இருந்ததாலன்றோ நன்கு படித்தார் என்று எண்ணிவிடலாகாது. மேடைகளில் அவ்வாறு பேசுவோரும் உளர். நமக்கு அது உடன்பாடன்று. கல்லூரிக் கல்வியில் பாதி வகுப்பறையில் நிகழ்கிறது. மறுபாதி தாழ்வாரத்திலும் விளையாட்டுத் திடலிலும் விடுதியின் உணவுக் கூடத்திலும் நிகழ்கிறது. எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது, எந்த ஆசிரியரிடம் ஐயம் கேட்கலாம், பட்டம் பெற்றபின் எங்கே வேலை உண்டு, மேற்படிப்புக்கு எங்கே இடம் உண்டு என்பவையெல்லாம் நண்பர்களின் பேச்சில் கிடைப்பவை. தந்தையும் பாட்டனும் படித்த வீட்டுப் பிள்ளைக்கு இவை திண்ணையிலேயே கிடைத்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்க வருபவனுக்குத் தோழமை ஒன்றே வழி. அவ்வழியைச் சாதி அடைத்துவிட்டது. எஞ்சிய பாதியைக் கொண்டே அவர் கரையேறினார். சாதி பறித்த மறுபாதியை அவருடைய தவமென்று புகழ்வது முறையாகுமா?

இது நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கதை என்று ஒதுக்கவும் நம்மால் இயலவில்லை. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்கும்போது தலை குனிந்துகொள்ளும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் தெருப் பெயரைக் கேட்பார்களே என்று அஞ்சி, பேச்சை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அலுவலகச் சன்னலில் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து, விண்ணப்பத்தின் கடைசி நாளையே தவற விட்டவர்களை நாம் அறிவோம்.

கலாசாலையை விட்டு வந்த சீனிவாசனார், தாம் கற்ற ஆங்கிலத்தையும் கணக்கையும் கொண்டு நீலகிரிக்குச் சென்றார். அங்கு ஐரோப்பியரின் வணிக நிறுவனங்களில் பத்தாண்டுகள் அளவு கணக்கராகப் பணியாற்றினார். நீலகிரியில் வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதர் அவருடைய சகோதரியின் கணவர் என்பது குறிப்பிடத்தக்கது. வேலை பார்த்த ஆண்டுகளில் அவர் படிப்பை நிறுத்தவில்லை. நம் மக்களின் பழைய வரலாற்றையும் அவர்களின் வாழ்நிலையையும் ஆராய்வதில் ஓய்வு நேரத்தைச் செலவிட்டார். 1890இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

1893 அக்டோபரில் அவர் ஒரு தமிழ்ப் பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'. கலாசாலை வாயிலில் எந்தச் சொல் தம்மேல் விழுந்துவிடும் என்று அஞ்சி ஓடினாரோ, அதே சொல்லைப் பத்திரிகையின் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். தம் இனத்தார் தம் பெயரைத் தாமே மறைத்துக்கொண்டிருக்கும் வரை உரிமை கேட்க முடியாது என்பது அவர் கொள்கை. அயோத்திதாசர் அப்பெயரையே ஏற்கவில்லை. நம் மக்கள் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வத் தமிழர் என்பது அவர் நிலை. ஒரே குடும்பத்துப் பெரியோர் இருவர் இவ்வாறு வேறுபட்டது நம் வரலாற்றுக்கு இழுக்கன்று. படித்தவர்கள் கூடும் இடத்தில் கருத்து வேறுபாடு எழுவது இயல்பே. மாத இதழாகத் தொடங்கிய 'பறையன்' விரைவில் வார இதழாயிற்று. 1900 வரை ஏழாண்டுகள் நடந்தது.

அதே 1893இல் ஒரு பெரிய வழக்கு எழுந்தது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வு அந்நாளில் இலண்டனில் மட்டுமே நடந்தது. அதனை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரினர். பாராளுமன்றத்தின் மக்களவையும் அவ்வாறே தீர்மானித்தது. சீனிவாசனார் சென்னையில் கூட்டம் கூட்டி அதனை எதிர்த்தார். 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் பாராளுமன்றத்திற்குச் சென்றது. இதற்காக அவரை நாட்டுப்பற்றில்லாதவர் என்று ஏசியவர்கள் பலர். ஏசியவர்கள் கோவைக் கலாசாலையின் கணக்கை அறியார். 400 பேரில் 390 இடத்தை ஒரே வகுப்பார் பெற்றிருக்கும் நாட்டில், தேர்வு மண்டபம் பக்கத்தில் வந்துவிட்டால் அதனுள் நுழைவோர் யார்? வரும் அதிகாரி சேரிக்காரன் மனுவை எந்தக் கண்கொண்டு பார்ப்பார்? அவருடைய எதிர்ப்பு முற்றிலும் சரியா என்பதில் நம்மவருள்ளும் இரு கருத்து உண்டு. ஆனால் அந்த அச்சம் நூலில் படித்து வந்ததன்று. வகுப்பறையில் உட்கார்ந்து அறிந்தது.

1900க்குப் பின் அவர் கடல் கடந்தார். தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அங்கு வழக்கறிஞராக இருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தார். தாயகம் திரும்பியபின், 1923இல் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம், எந்த வகுப்பினரும் பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணறு, குளங்களில் நீர் எடுக்கவும், பொது அலுவலகங்களுக்குள் செல்லவும் தடையில்லை என்றது. அரசும் அதனை ஏற்று அறிவித்தது. கோவை வீதிகளில் எவர் கண்ணிலும் படாமல் விரைந்து நடந்த கால்களை நாம் இங்கு நினைத்துக்கொள்கிறோம்.

1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாகச் சென்றோர் இருவர். ஒருவர் சீனிவாசனார், மற்றவர் டாக்டர் அம்பேத்கர். அம்பேத்கர் இளமையில் பள்ளியில் மற்றவரினின்று விலகி, தாம் கொண்டுசென்ற சாக்குத் துண்டின்மேல் அமர்ந்து படித்தவர். பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேதான் சமமாக நடத்தப்பட்ட அனுபவத்தைப் பெற்றவர். சீனிவாசனார்க்கு அப்படியொரு கொலம்பியா கிடைக்கவில்லை. எனினும் வயதில் முப்பதாண்டு மூத்த அவர், அந்த இளைய மேதையுடன் ஒரே அணியாக நின்று உரிமை கேட்டார். 1932 செப்டம்பரில் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையொப்பம் உண்டு. 1936இல் திவான் பகதூர் பட்டம் வந்தது.

1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். சிறிய நூல். அரசரைக் கண்டது, ஆளுநரைக் கண்டது, சட்டமன்றத்தில் பேசியது எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு, கோவையில் மணி அடிக்கும் வரை வெளியே இருந்ததையும் மறவாமல் எழுதினார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. அந்நூலை நம் சங்க நூலகத்திற்கு வரும் ஒவ்வொரு மாணவரும் மாணவியும் ஒருமுறை கையில் எடுக்க வேண்டுகிறோம். ஓர் இரவில் படித்து முடித்துவிடலாம்.

அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதி மாணவர்க்கான கல்லூரி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. நம் உறுப்பினர் பலர் பட்டம் பெற்றது அத்தொகையின் துணையால்தான். சீனிவாசனார் அதன் தொடக்கத்தைக் காணும் அளவுக்கு வாழ்ந்திருந்தார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.