தினமும் நடந்த மனிதர்

ஜனவரி பிறந்ததும் சுங்கைப்பட்டாணித் திடல்களில் மெதுவோட்டம் ஓடுவோர் கூட்டம் அலைமோதும். பிப்ரவரியில் பாதிப் பேரைக் காணோம். காணாமல் போனவர்களில் நானும் ஒருத்தி. முதல் நாள் இரவு பத்து மணிக்கு நண்பர்களோடு ரொட்டி சானாய், தே தாரேக். மறுநாள் காலை அலாரம் அடித்தால் கை தானாகவே அதை அணைத்துவிடும்.

நல்ல பழக்கம் ஏன் நம்மிடம் தங்குவதில்லை? இந்தக் கேள்வியோடு காந்தியடிகளின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன். மன உறுதியோடு பிறந்த ஒரு மகானைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். ஆனால் நம்மைப் போலவே பலமுறை சறுக்கிய ஒருவரைத்தான் அங்கே கண்டேன்.

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் கூச்ச சுபாவம் கொண்ட சிறுவன். பள்ளியில் உடற்பயிற்சியும் கிரிக்கெட்டும் அவருக்கு அறவே பிடிக்காது. உறவினர் புகைத்து வீசிய சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்தார். நண்பனின் தூண்டுதலால் வீட்டுக்குத் தெரியாமல் இறைச்சியும் உண்டார். பெற்றோரிடம் பொய் சொல்லும் வேதனை தாங்காமல்தான் அதைக் கைவிட்டார். ஆனால் திறந்த வெளியில் நடப்பது உடலுக்கு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, பள்ளி நாட்களிலேயே நடக்கத் தொடங்கினார். அந்த ஒன்று மட்டும் கடைசிவரை அவரோடு வந்தது.

1888இல் சட்டம் படிக்க லண்டன் சென்றபோது அவருக்கு வயது பதினெட்டு. மதுவையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று தாயிடம் வாக்குக் கொடுத்திருந்தார். தொடக்கத்தில் சரியான சாப்பாடு கிடைக்காமல் பல நாள் அரைவயிற்றோடு இருந்தார். பிறகு சைவ உணவகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். சைவ உணவாளர் சங்கத்தில் சேர்ந்து செயற்குழுவிலும் இடம்பெற்றார். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வண்டிக் கூலியை மிச்சப்படுத்த நடந்தே போனார். இப்படி நாளுக்கு எட்டுப் பத்து மைல் நடை சேர்ந்தது. அதற்கென்று அவர் தனி நேரம் ஒதுக்கவில்லை. எப்படியும் போக வேண்டிய இடத்துக்கு நடந்தார், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் இந்தப் பழக்கம் பலருக்கும் பரவியது. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் தங்குவதற்காக, 1910இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டது. அங்கே தமிழர்களும் பலர் இருந்தனர். பண்ணையில் மதுவுக்கும் புகைக்கும் இடமில்லை. சொந்த வேலையாக நகரத்துக்குப் போகிறவர் நடந்துதான் போக வேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான், காந்தியும் நடந்தார். பக்கத்தில் இருப்பவரும் அதையே செய்யும்போது ஒரு பழக்கத்தைக் கைவிடுவது அவ்வளவு எளிதல்ல.

அவரும் தவறினார். 1918இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஓய்வில்லாமல் அலைந்தார். நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமே முக்கிய உணவு. அது உடலுக்கு ஒத்துவராது என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. கடுமையான வயிற்றுக்கடுப்பில் விழுந்து, பிழைப்பதே சந்தேகம் என்ற நிலைக்குப் போனார். பால் அருந்துவதில்லை என்று விரதம் எடுத்திருந்தவர், கஸ்தூரிபாய் சொன்ன யோசனையால் ஆட்டுப்பால் குடித்து உடல் தேறினார். விரதம் தளர்ந்தது அவருக்குக் கடைசிவரை உறுத்தலாகவே இருந்தது. ஆனால் ஒரு விரதம் தளர்ந்ததற்காக மற்றப் பழக்கங்களை அவர் விட்டுவிடவில்லை.

1930இல், அறுபது வயதில், சபர்மதியிலிருந்து தண்டிவரை ஏறக்குறைய 385 கிலோமீட்டரை 24 நாளில் நடந்து கடந்தார். உலகம் அந்தப் பயணத்தைத்தான் கண்டது. அதற்குப் பின்னால் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளின் அன்றாட நடை இருந்தது. 1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை வழிபாட்டுக்கு நடந்து சென்றபோதுதான் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

காந்தி நம் கெடாவுக்கு வந்ததில்லை. ஆனால் பழக்கத்தைக் கூட்டாக மாற்றுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. போருக்குப் பிந்திய ஆண்டுகளில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டார்கள். 1947இல் அங்கே போலீசாரோடு ஏற்பட்ட மோதலில் ஒரு தொழிலாளர் உயிரையே இழந்தார். தனி ஆளாகக் குடியை விட முடியாதவர்களுக்கு, சேர்ந்து நின்றவர்கள் துணையானார்கள்.

இன்று கள்ளின் இடத்தில் சீனி இருக்கிறது. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். என் அப்பாவும் அதில் ஒருவர். நடக்கச் சொன்னார் மருத்துவர். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நிறுத்தினார்.

இப்போது விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் நாளிதழ் வாங்க அப்பாவும் நானும் மோட்டார் சைக்கிளை எடுப்பதில்லை. கடைக்கு நடந்து போய்த் திரும்ப அரை மணி நேரம். நான் விடுதிக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு மாமா அவரோடு நடக்கிறார். போன வாரம் மழையால் இரண்டு நாள் விட்டுப்போனதாம். மூன்றாம் நாள் மாமாதான் வாசலில் வந்து நின்று அப்பாவைக் கூப்பிட்டாராம்.

நண்பர்களே, நீங்கள் தினமும் எப்படியும் போகிற இடம் எது? அங்கே உங்களோடு நடக்க யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்?