மா யின்சூ: ஏற்கப்படாத எச்சரிக்கை

சீனாவின் மக்கள்தொகை என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு குழந்தைத் திட்டம்தான். அதற்கு 20 ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே எச்சரித்து, அதனால் பதவியை இழந்தவர் பொருளியல் பேராசிரியர் மா யின்சூ.

1882இல் செஜியாங் மாநிலத்தில் பிறந்த இவர், அமெரிக்காவின் யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்று 1914இல் முனைவர் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் அதிகாரிகள் கொள்ளை லாபம் அடித்ததைக் கண்டித்ததால் 1940இல் கைதானார். 1951இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

1953 கணக்கெடுப்பில் சீனாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 58 கோடி எனத் தெரியவந்தது. நாட்டின் வருமானத்தில் பெரும்பகுதி உணவுக்கும் உடைக்கும் செலவானால் தொழிற்சாலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் முதலீடு மிஞ்சாது என்று 1957இல் மா வாதிட்டார். தாமதத் திருமணம், கருத்தடை, குடும்பத்திற்கு இரண்டு குழந்தைகள் ஆகியவை அவர் பரிந்துரைத்த வழிகள். கருக்கலைப்பை அவர் ஆதரிக்கவில்லை.

ஆள் பெருகினால் உழைக்கும் கைகளும் பெருகும் என்று எதிர்ப்பாளர்கள் சாடினர். ஆனால், குழந்தை பிறந்த நாள் முதலே உண்ணும். அது உழைப்பாளியாக 15, 20 ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தச் சுமை வேலை செய்வோர் மீதே விழும். பொருளியல் இதைச் சார்பு விகிதம் என்கிறது. கருத்தை மாற்றிக்கொள்ள மறுத்த மா, 1960இல் பதவி விலக நேர்ந்தது.

1970களில் அரசே பிறப்பைக் குறைக்க முனைந்தது. ஒரு பெண்ணுக்குச் சுமார் ஆறாக இருந்த குழந்தைகளின் சராசரி, பத்தே ஆண்டுகளில் மூன்றுக்கும் கீழ் இறங்கியது. 1979இல், 97 வயதில், மாவின் மீதிருந்த பழி நீக்கப்பட்டது. 1982இல் அவர் காலமானார்.

அடுத்த 30 ஆண்டுகளில் சீனாவில் உழைக்கும் வயதினர் பெருகினர். அவர்களை நம்பியிருந்த குழந்தைகள் குறைந்தனர். சேமிப்பும் முதலீடும் உயர்ந்தன. அந்நாட்டின் வேகமான வளர்ச்சிக்கு இந்த 'மக்கள்தொகை ஈவு' ஒரு முக்கியக் காரணம்.

மா கேட்டது இரண்டு குழந்தைகள். 1980இல் அரசு விதித்ததோ ஒன்று. அன்றைய உழைப்பாளிகள் இன்று முதியோராகி வருகின்றனர். அவர்களைத் தாங்க இளையோர் போதவில்லை. 2022 முதல் சீனாவின் மக்கள்தொகை சுருங்கி வருகிறது.

இளையோர் மிகுந்த வளரும் நாடுகளுக்கு இதில் பாடம் உண்டு. ஈவு தரும் காலம் சில பத்தாண்டுகளே. அதற்குள் இளையோருக்குக் கல்வியும் வேலையும் கிடைத்தாக வேண்டும்.