அளப்பவரையும் அளந்தவர்

தேனி மாவட்டத்து உளவியல் மாணவர்களுக்கு இணையப் பாடங்கள் வழியாகப் புள்ளியியலும் ஆய்வு முறையும் கற்பித்து வருகிறேன். பிற விடைகளினின்று பெரிதும் விலகி நிற்கும் விடைகளைக் கண்டறியும் பாடத்தில் 'மகலனோபிஸ் தொலைவு' என்றொரு பெயர் வரும். மென்பொருளில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் எண் வந்துவிடும். பெயருக்கு உரியவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. பொருளாதாரம் பயின்ற எங்கள் தலைமுறைக்கோ அவர் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி மட்டுமே. இரண்டும் அரைகுறை அறிமுகங்கள்தாம்.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 ஜூன் 29-இல் கல்கத்தாவில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அவருக்கு வாய்த்த நண்பர் நம் ராமானுஜன். கட்டிலில் விரித்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல் குளிரில் நடுங்கிய கணித மேதைக்கு அதைக் காட்டிக் கொடுத்தவர் இவரே.

படிப்பு முடிந்து ஊர் திரும்ப வேண்டிய 1915-இல், போரினால் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் ஆய்விதழ் நூலகத்தில் அவர் கண்ணில் பட்டது. இதழின் தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். புள்ளியியலில் அவருக்கு வகுப்பறை ஆசிரியர் என்று எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. தொலைதூரக் கல்வியைக் குறைத்துப் பேசுவோருக்கு இதை நான் நினைவூட்டுவதுண்டு.

ஆனால், படித்ததோடு அவர் நிற்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகளையும், வானிலைப் பதிவுகளையும், ஒரிசா வெள்ளத்தையும் ஆராய்ந்தார். 1920-இல் நாகபுரி அறிவியல் மாநாட்டில் விலங்கியலாளர் அன்னண்டேல், ஆங்கிலோ இந்தியர்களின் உடலளவுகளை ஆராயுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டார். உயரமானவருக்குக் கையும் நீளமாகவே இருக்கும். இரண்டையும் தனித்தனியே கூட்டினால் ஒரே வேறுபாட்டை இருமுறை எண்ணிவிடுவோம். அந்த உறவைக் கழித்து இரு குழுக்களுக்கு இடையிலான தொலைவை அளக்கும் வழியே, 1936-இல் முழுவடிவம் பெற்ற அவருடைய சூத்திரம். மாணவர் இன்று பொத்தானில் அழுத்துவது அதைத்தான்.

மாநிலக் கல்லூரியில் அவருடைய அறையில் இயங்கிய சிறு ஆய்வகத்திலிருந்து 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது. 1933-இல் 'சங்க்யா' ஆய்விதழ் தொடங்கியது. அக்காலத்தில் வங்க மொழியில் மாணவர்களுக்கான நுண்ணறிவுச் சோதனைப் பணியிலும் அவர் ஈடுபட்டார். உளவியலுக்கு அவர் அயலார் அல்லர்.

எனினும், உளவியல் மாணவர் அவரிடம் கற்க வேண்டிய முதற்பாடம் சூத்திரமன்று. வங்காளத்தின் சணல் வயல்களில் 1937 முதல் அவர் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு என்பேன். முதலில் சிறு முன்னோட்டங்கள் நடத்திச் செலவையும் பிழையையும் கணித்தார். பின்னர் ஒரே பரப்பிலிருந்து இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒன்றையொன்று அறியாத இரு குழுவினரை அனுப்பினார். இருவர் கொணரும் முடிவுகளும் பெரிதும் வேறுபட்டால், குறை வயலில் அன்று, அளந்தவரிடம் என்று ஐயுற இடம் கிடைக்கும். கணக்கெடுப்பாளரின் மனமும் ஒரு பிழை மூலம் என்று கருதி, அதையும் அளக்க வழிகண்ட ஏற்பாடு இது.

அவரும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். விளைச்சலை அளக்க மிகச் சிறிய துண்டு நிலம் போதும் என்றார். ஓரத்துப் பயிர் உள்ளா வெளியா என்ற ஐயம் எழும்போது அறுப்பவர் கை அதை உள்ளே சேர்க்கும். துண்டு சிறிதாகச் சிறிதாக விளைச்சல் மிகையாகத் தெரியும் என்று சுகாத்மே மறுத்தார். சின்னமனூர் நெல்வயலில் அறுவடையைப் பார்த்தவருக்குச் சுகாத்மேயின் வாதம் எளிதில் விளங்கும். இதில் என் சார்பும் அவர் பக்கமே.

1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, திட்டக்குழுப் பொறுப்பு, பத்ம விபூஷண் ஆகியவை பலரும் அறிந்தவை. 1972 ஜூன் 28-இல், 79-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், மறைந்தார். 2007 முதல் அவர் பிறந்தநாள் தேசியப் புள்ளியியல் நாள்.

நம் மாணவர்களோ வினாப்பட்டியலின் இணைப்பை நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் பகிர்கின்றனர்; இரவுக்குள் விடைகள் வந்து குவிகின்றன. தலைப்பு, 'கம்பம் பள்ளத்தாக்குத் தொழிலாளரின் மன அழுத்தம்' என்றிருக்கும். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியே ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் பெண்கள் அந்தக் குழுக்களில் இல்லை. எந்தத் தொலைவுச் சூத்திரமும் வராதவர்களைக் காட்டித் தராது.

எனவே, இப்பருவத்துப் பாடத்தில் ஒரு பயிற்சியைச் சேர்த்துள்ளேன். ஒரே தெருவின் வீடுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, இரு மாணவர் தனித்தனியே, ஜீப்புகள் திரும்பிய பின் மாலையில் சென்று, ஒரே வினாக்களைக் கேட்க வேண்டும். மென்பொருளைத் திறப்பதற்கு முன், இரண்டு சராசரிகளையும் தாளில் அருகருகே எழுத வேண்டும்.