மிருதங்கத்தின் கரணைக்குள் கணக்குப் பார்த்த ராமன்

சர் சி.வி.ராமன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒளி, ராமன் விளைவு, 1930 நோபல் பரிசு. ஆனால் அதற்கு முன் பத்து வருஷத்துக்கும் மேலாக அவர் ஒலியின் பின்னால் அலைந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1888-ல் திருச்சியில் பிறந்தவர். அப்பா சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர், வயலினும் வாசிப்பார். 1907-ல் ராமன் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனார். ஆபீஸ் நேரம் போக, காலையும் மாலையும் பவ்பஜார் தெரு ஆய்வுக்கூடத்தில்தான் கிடந்தார். 1917-ல் பேராசிரியர் பதவிக்காக, அதிகச் சம்பளம் தந்த அரசு வேலையையே உதறினார்.

வில் பட்ட வயலின் தந்தி எப்படி அதிர்கிறது என்று 1918-ல் பெரிய ஆய்வேடு எழுதினார். 1921-ல் முதல் முறையாகக் கப்பலேறி லண்டன் போனபோதும், செயின்ட் பால் தேவாலயத்தின் வட்ட மாடத்தில் ரகசியப் பேச்சு சுவரோரமாகவே ஓடுவது ஏன் என்று ஆராய்ந்தார். வீணை, தம்புரா, தபேலா எதையும் விடவில்லை.

இதில் மிருதங்கக் கதை தனி. சாதாரண மேளத் தோலைத் தட்டினால், அடிப்படை அதிர்வு 1 என்றால் அடுத்தடுத்த மேலொலிகள் சுமார் 1.59, 2.14 என்று ஒழுங்கில்லாமல் வரும். சத்தம் இருக்கும், சுருதி நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கருப்பு வட்டமான கரணை, தோலின் நடுப்பகுதிக்கு எடை கூட்டுகிறது. அதனால் மேலொலிகள் 2, 3, 4, 5 மடங்கு என்று தந்தி வாத்தியம் மாதிரி ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. தோல்மேல் மணலைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோடுகளைப் பார்த்தே ராமன் இதைக் காட்டினார். 1920-லேயே தொட்ட விஷயம்தான். நோபல் வாங்கிய பிறகு, பெங்களூரில் இருந்தபோது 1934-ல் மறுபடியும் விரிவாக எழுதினார். உலகப் புகழ் வந்த பிறகும் நம்ம வாத்தியம் அவருக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

லண்டனிலும் டொராண்டோவிலும் சனிக்கிழமை மிருதங்க வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்து இயற்பியலும் பாட்டு வகுப்பும் வேறு வேறு உலகம் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள்.

கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராமன் கண்டது, அந்தக் கருப்பு வட்டம் ஏன் வேலை செய்கிறது என்பதை. அதைக் காதாலும் கையாலும் கண்டுபிடித்தவர்கள் வாத்தியம் செய்த தொழிலாளிகள். அவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ராமனைக் கொண்டாடும்போது அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுப்போம்.