ஜீப்பைத் தொழிலாக்கிய கே.சி. மஹிந்திரா



விடுமுறை நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரிய டயர்களோடு தார் வண்டிகள் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணலிலும் மலையிலும் ஓட்டி மகிழ்வதற்காகவே அதை வாங்குகிறார்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்த உருவம் வேறொன்றை நினைவூட்டும். பி.டி.ஓ. ஜீப், தாசில்தார் ஜீப், மைக் கட்டிய தேர்தல் ஜீப். கிராமத்துக்குள் ஜீப் நுழைந்தால் யாரோ அதிகாரி வந்துவிட்டார் என்று அர்த்தம். அதிகாரியின் வண்டி எப்படி உல்லாச வண்டி ஆனது என்ற கதை லூதியானாவில் பிறந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறது.

அவர் கைலாஷ் சந்திர மஹிந்திரா. சுருக்கமாக கே.சி. 1894-ல் பிறந்தவர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். மூத்தவர் ஜகதீஷ் சந்திர மஹிந்திரா, கே.சி.யைவிட இரண்டு வயது பெரியவர். தந்தை சீக்கிரமே காலமாகிவிட, குடும்பப் பாரம் அண்ணன் தோளில் விழுந்தது. அந்த நிலையிலும் தம்பியை கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார் அவர். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அண்ணனோ அக்காவோ இருந்திருப்பார்கள். பெயர் வாங்குவது பெரும்பாலும் தம்பிதான்.

அண்ணன் டாடா இரும்புக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் உயர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அரசு அவரை இரும்புக் கட்டுப்பாட்டு அதிகாரியாக நியமித்தது. தம்பி கல்கத்தாவில் மார்ட்டின் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே தன் முதலாளியான ராஜேந்திரநாத் முகர்ஜியின் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாகவும் எழுதினார். முதலாளியைப் பற்றி விரும்பிப் புத்தகம் எழுதும் ஊழியர்கள் அபூர்வம், நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

1942-ல் இந்திய அரசின் கொள்முதல் குழுவுக்குத் தலைவராக கே.சி. அமெரிக்கா போனார். போருக்கு வேண்டிய சாமான்களை வாங்கி அனுப்புவது வேலை. அப்போது அந்த நாடு இரவு பகலாக ஜீப் செய்துகொண்டிருந்தது. போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளுமாகச் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்து முடித்தன. சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கும். ஜீப்பில் நான்கும் இழுக்கும். அடைமழையில் நம் பக்கத்துக் களிமண் பாதையில் வண்டி சிக்கித் தவித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரியும். வில்லிஸ் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸைக் கே.சி. அங்கே சந்தித்தார். சாலை இல்லாத கிராமங்கள் நிறைந்த தன் நாட்டுக்கு இதுதான் வண்டி என்று அவருக்குப் பட்டது.

ஊர் திரும்பியதும் அண்ணன் தம்பி இருவரும் 1945 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பிறந்த நாளில், ஒரு கம்பெனி தொடங்கினார்கள். மூன்றாவதாகச் சேர்ந்தவர் மாலிக் குலாம் முகமது. அரசுக் கணக்குத் துறையில் உயர்ந்த அதிகாரி, சகோதரர்களின் நண்பர். கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்டு முகமது. முதல் தொழில் இரும்பு வியாபாரம்.

அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெயர்ப் பலகை வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். இரு மதத்தாரும் சேர்ந்து இருக்கலாம் என்று காட்டவே சகோதரர்கள் நண்பரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பார்கள். நாகூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தர்காவின் பெரிய மனாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்தானே!

1947-ல் நாடு பிரிந்தது. குலாம் முகமது பாகிஸ்தான் போனார். அந்நாட்டின் முதல் நிதி அமைச்சரானார். கூட்டாளி விலகல் என்று கணக்குப்பதிவியலில் ஒரு பாடமே உண்டு. நற்பெயரை மதிப்பிட்டு, விலகுபவரின் கணக்கில் வரவு வைத்து முடித்துவிடலாம். நாடு பிரிந்ததால் விலகும் நண்பருக்கு எந்தப் பதிவு போடுவது? சகோதரர்கள் கம்பெனியை மூடவில்லை. 1948-ல் அது மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆனது. எம் அண்டு எம் என்று அச்சடித்த கடிதத்தாள்கள் ஏராளமாகக் கையிருப்பில் இருந்தனவாம். அவை வீணாகக் கூடாது என்றுதான் இரண்டாவது எம்முக்கும் தங்கள் பெயரையே வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அதை நம்பவே பிடிக்கிறது.

ஜீப் தொழில் அதே காலத்தில்தான் தொடங்கியது. அமெரிக்காவின் டொலிடோ நகரிலிருந்த வில்லிஸ் கம்பெனியிலிருந்து முதலில் 75 ஜீப்புகள் பாகம் பாகமாகப் பெட்டிகளில் வந்தன. மும்பையில் வைத்துப் பூட்டினார்கள். பிறகு படிப்படியாகப் பாகங்களை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். அண்ணன் 1951-ல் காலமானார். தொழிலோடு நிலக்கரிச் சுரங்கக் குழுத் தலைவர் போன்ற அரசுப் பொறுப்புகளையும் கே.சி. பார்த்தார். 1953-ல் கல்விக்காக ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார். அண்ணன் படிக்கவைத்த தம்பியல்லவா!

பிரிந்துபோன நண்பர் 1951-ல் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரல் ஆனார். 1954-ல் அவர் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்ததை அந்நாட்டில் பலர் மன்னிக்கவில்லை. அது தனிக் கதை. 1955 குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக டெல்லி வந்தார். வந்ததும் முதல் தொலைபேசி அழைப்பு மஹிந்திரா வீட்டுப் பாட்டிக்குத்தான் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். மறு ஆண்டே அவர் காலமானார். கே.சி. 1963-ல் காலமானார், மகன் கேசுப் மஹிந்திரா தலைவர் பொறுப்பேற்று 2012 வரை அதில் இருந்தார்.

இனி உல்லாச வண்டிக்கு வருகிறேன். போர் முடிந்த பிறகு அமெரிக்கர்கள் ஜீப்பை வேட்டைக்கும் மலைப் பாதைக்கும் கொண்டுபோனார்கள். 1953-ல் கலிபோர்னியாவில், பாறைகள் நிறைந்த ரூபிகான் தடத்தில், ஜீப் வைத்திருப்பவர்கள் கூட்டமாகப் போகும் பயணம் தொடங்கியது. நாளடைவில் சாலைக்கே வராத, விளையாட்டுக்கான வண்டிகளைச் செய்வது அங்கே பெரிய தொழிலாகிவிட்டது. அந்தத் தொழிலில் 2018-ல் மஹிந்திராவும் இறங்கியது. வண்டியின் பெயர் ராக்சர். டீசல் இன்ஜின், வேகம் மணிக்கு சுமார் 72 கிலோமீட்டர், பொதுச் சாலையில் ஓட்டுவதற்கானது அல்ல. பாகங்கள் இந்தியாவிலிருந்து பெட்டிகளில் போயின. டெட்ராய்ட் அருகே ஆபர்ன் ஹில்ஸில் பூட்டினார்கள். டொலிடோ அங்கிருந்து அதிக தூரமில்லை.

பெட்டிகள் திசை மாறியதை ஜீப் பெயரை அப்போது வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் ரசிக்கவில்லை. எங்கள் வண்டியின் முகம் இது என்று வழக்குப் போட்டார்கள். அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் 2020 ஜூனில் பழைய வடிவத்துக்குத் தடை விதித்தது. மஹிந்திரா முகப்பை மாற்றியது. மாற்றிய வடிவத்தில் தவறில்லை என்று அதே ஆணையம் டிசம்பரில் சொன்னது. இடையில் அக்டோபர் 2-ஆம் தேதி, கம்பெனிக்குச் சரியாக 75 வயது நிறைந்த அன்று, புதிய தார் இங்கே விற்பனைக்கு வந்தது.